கம்பி உள்ளேயே இருக்கட்டும்

மூன்று இருபதுக்கு
நூற்றெட்டின் பின்கதவு திறந்தபோது
முதலில் கண்ணில் பட்டது ஆள் இல்லை,
கம்பி.

முறுக்கு வேலைப்பாடு. உரிந்த பச்சைப் பெயிண்ட்.
வலது மார்பில் புகுந்து
முதுகில் கட்டைவிரல் அளவு எட்டிப் பார்க்கிறது.
கானாடுகாத்தானில் ஒரு வீட்டைப் பிரிக்கிறார்கள்.
மேல்சட்டம் கழன்ற சன்னலைச்
சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தார்களாம்.
தேக்கு உத்தரத்தோடு சரிந்த சேவுகன்
அதன்மேல் விழுந்திருக்கிறான்.

கூட வந்தவன் அடைக்கலம்.
சூடு மார்புக்கு ஏறாமல் ஒருவன் தண்ணீர் ஊற்ற ஊற்ற
மெஷினால் கம்பியை அடியில் அறுத்து
ஆளையும் இரும்பையும் ஒன்றாகத் தூக்கியவன்.
பள்ளத்தூர், கோட்டையூர், ரயில்வே கேட்,
எங்கேயும் பிடியை விடவில்லை.
"உருவிரலாமா டாக்டரம்மா?"

வேண்டாம்.
காலில் தைத்த கருவேல முள் இல்லை இது.
எந்தக் குழாயைக் கிழித்ததோ
அதையே அடைத்துக்கொண்டும் இருக்கலாம்.
குத்தியதேதான் இப்போது தக்கை.

இடது பக்கம் மூச்சு கேட்கிறது.
வலது பக்கம் பூட்டிய அறை.
தட்டினால் காலித் தகரடின் சத்தம்.
கழுத்து நரம்பு புடைத்து நிற்க
தொண்டைக்குழாய் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது,
நெரிசல் பஸ்ஸில் இடம் விடுபவனைப் போல.
ஆக்ஸிஜன் எழுபத்தெட்டு.
எக்ஸ்ரேக்குக் காத்திருக்க நேரமில்லை.

ஊசி. சீறல். கொஞ்சம் அவகாசம்.
பிறகு கத்தி.
ஐந்தாவது இடைவெளி, விலாவின் மேல்விளிம்பை ஒட்டி;
கீழ்விளிம்பில் நரம்பும் நாளமும் ஓடுகின்றன.
துளையில் விரலை விட்டுச் சுழற்றினேன்.
எங்கிருந்தோ வந்து
விரல்நுனியை ஒருமுறை முட்டியது நுரையீரல்,
கன்றுக்குட்டி மூக்கு மாதிரி,
ஈரமாய், வெதுவெதுப்பாய்.

குழாய் போட்டதும்
பாட்டில் சிவந்தது.
சிஸ்டர் பவுலின் பிளாஸ்திரியில்
பேனாவால் கோடு போடுகிறாள்.
எழுநூறு.
தொள்ளாயிரம்.
ஆயிரத்தைந்நூறைத் தொட்டால்
நெஞ்சைத் திறந்தாக வேண்டும்.
திறக்கிற ஆள் மதுரையில் இருக்கிறார்.
ஆயிரத்து ஐம்பது.
யாரும் பேசவில்லை.
ஆயிரத்து ஐம்பது.
அடுத்த கோடு போடத் தூக்கிய பேனா
அப்படியே நின்றது.
தண்ணீருக்குள் ஒரு குமிழி,
இன்னொன்று.
சேவுகன் கண்ணைத் திறந்து
"செருப்பு எங்கே?" என்றான்.

இரண்டு யூனிட் ரத்தம், ரெஃபரல் சீட்டு.
பாட்டில் மார்புக்குக் கீழேயே இருக்கணும்.
குழாயில் கிளாம்ப் போடக் கூடாது, போட்டால்
போக வழியில்லாத காற்றே கொன்றுவிடும்.
வேகத்தடையில் மெதுவாக.
கம்பியைச் சுற்றித் துணி சுருட்டிக் கட்டியாயிற்று,
இனிக் கையை எடுக்கலாம் என்றேன்.
அடைக்கலம் எடுக்கவில்லை.
அப்படியே வண்டியேறினான்.

விபத்துப் பதிவேட்டில் எழுதினேன்:
இரும்புக் கம்பி.
வெளியே தெரிவது முன்புறம் ஒன்பது செ.மீ., பின்புறம் நான்கு.
உள்ளே இருப்பது அளக்கவில்லை.

ஏழு மணிக்கு ஒரு போன்.
வீட்டுச் சாமான்களை விலைக்கு எடுத்தவராம்.
ஆள் எப்படி என்று கேட்டார், கேட்டாரென்றுதான் சொல்ல வேண்டும்.
பிறகு,
அந்தச் சன்னல் கொச்சி ரிசார்ட்டுக்குப் பேசினது,
ஒரு கம்பி குறைகிறது,
திரும்பக் கிடைக்குமா?
போலீஸில் கேளுங்கள் என்று வைத்துவிட்டேன்.
அதற்குப் பிறகு நெடுநேரம்
கை கழுவிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு மதுரையிலிருந்து அடைக்கலம்.
தியேட்டரில் நெஞ்சைத் திறந்து
கண்ணால் பார்த்தபடியே உருவினார்களாம்,
கீழ்மடலில் தையலாம்,
இப்போதைக்கு மெஷின் மூச்சாம்,
விடிந்தால்தான் சொல்ல முடியுமாம்.
எல்லாம் ஒப்பித்துவிட்டுத் தயங்கினான்.

"டாக்டரம்மா,
என் கை விரிய மாட்டேங்குது.
இன்னும் பிடிச்சமேனிக்கே நிக்குது."

வெந்நீரில் வை என்றேன்.
வெந்நீருக்கு எங்கே போவான் அந்நேரத்தில்.
டீக்கடையில் கேட்டுப் பார், என்றேன்.